முப்பது வீதம்

எழுபது வீதம் கடிக்காது மிஸ், என்றான் ரிஸ்மி,
தெஹிவளைக் கடையில்
பொலித்தீன் பையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தபடி.
உள்ளே பெருவிரலளவு ஏஞ்சல்,
ஊதா முதுகு, வயிற்றில் தோடம்பழத் தழல்.
மிச்ச முப்பது?
ரப்பர் வளையத்தைப் பல்லால் இழுத்துக்கொண்டே
அது அதுட கொணம், என்றான்.

காப்புறுதிக் கம்பனியில் பதினோரு வருஷமாக
நான் செய்வது இதைத்தான்:
முப்பது வீதத்துக்கு விலை போடுவது.
வெள்ளம், தீ, வாகனத்தின் இடப்பக்கக் கதவு.
பெயரை வைத்து யாரையும் நம்பக் கூடாதென்று
விண்ணப்பப் படிவங்கள் சொல்லித் தந்திருக்கின்றன.
ஆனாலும் வாங்கினேன்.
ஓட்டோவில் மடியில் வைத்து
காலி வீதிப் பள்ளம் ஒவ்வொன்றிலும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்.
அதில் ஒரு வாளி அள்ளினால்
வாய்க்கால் கொண்டுவருவதெல்லாம் சேர்ந்து வரும்.
ஆகவே உப்பை விலைக்கு வாங்குகிறேன்.
குழாய்த் தண்ணியை வடித்து
வடித்ததைத் திரும்ப வடித்து
அதற்குள் ஒரு கடலைக் கரைக்கிறேன்.
ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்பு மட்டும்
இலவசம்.

பவளங்கள் என்னிடம் முன்பே இருந்தன.
பண்ணையில் வெட்டி ஒட்டிய துண்டுகள்,
கடலிலிருந்து பிடுங்கவில்லை என்று
முத்திரை குத்திய கடதாசியோடு வந்தவை.
மூளைப் பவளம் வரும்போது நகமளவு.
மூன்று வருஷத்தில் ஒரு சோசரளவு.
மூன்று வருஷத்தில் நான் வளர்த்த வேறெதுவும்
அவ்வளவு பெருக்கவில்லை,
வங்கிப் புத்தகம் உட்பட.

இருபது நாள் ஏஞ்சல் நல்ல பிள்ளை.
கல்லில் பாசி மேய்ந்தது.
நான் கிளிப்பில் மாட்டிய கடற்பாசித் தாளைக் கிழித்தது.
இருபத்தோராம் நாள்
கறியில் உப்புப் பார்க்கிறவரைப் போல
பவளத்தில் ஒரு கொத்து.
நிறுத்தம்.
யோசனை.
இன்னொரு கொத்து.
பவளம் தன் சதையெல்லாம் உள்ளே இழுத்து
எலும்பாகிக் கிடந்தது.

மீனைப் பிடிக்க வேண்டுமென்றால்
கல் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும்.
கல்லை எடுத்தால் பவளம் எங்கே இருக்கும்?
சோடாப் போத்தலை வெட்டிப் பொறி செய்தேன்.
முதல் இரவு துறவி நண்டு அகப்பட்டது,
இரண்டாம் இரவும் அதே நண்டு.

பிறகு அந்த மே மாத மழை.
இரவு ஒன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
பற்றரி மோட்டர் மூன்று மணிவரை இரைந்து
ஓய்ந்தது.
நான் கதிரையில் ஏறி நின்று
ஜொக்கால் அள்ளி ஊற்றினேன்.
அள்ளி. ஊற்றி.
காற்று உள்ளே போக வேறு வழி இல்லை.
நாநூறு வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.
டோர்ச் வெளிச்சத்தில்
மூளைப் பவளம் தன் இரவு விரல்களை நீட்டியிருந்தது.
தண்ணீர் விழுகிற இடத்துக்கு
ஏஞ்சல் மேலேறி வந்து வாய் திறந்து நின்றது.
இது உனக்கு, இது உனக்கு என்று
பிரித்து ஊற்ற முடியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு முதல் கோச்சி போனது,
கண்ணாடி அதிர்ந்தது.
ஆறு பத்துக்குக் கரண்ட்.
மோட்டர் இருமி, துப்பி, ஓடத் தொடங்கியது.
ஏஞ்சல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து
நேரே போய்க் கொத்தியது.

கீழ்வீட்டு மிஸிஸ் ஜயமான்ன
கூரையில் ஈரம் என்று கதவு தட்டியபோது
நான் நிலத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன்,
தோளில் கையைத் தூக்க முடியாமல்.

பவளத்தின் ஒரு கரை இப்போது வெள்ளை.
மற்றக் கரை பச்சை, கொஞ்சம் தடித்தும் இருக்கிறது.
புதுப் பொறிக்குக் கதவு உண்டு,
கதவுக்கு நூல் உண்டு.
உள்ளே இறால் துண்டு வைக்கிறேன்.
ஏஞ்சல் போகிறது, தின்கிறது,
அவசரமில்லாமல் வெளியே வருகிறது.

இன்று ஏழாவது இரவு.
நூல் என் கையில்.